சம்பளத்துல கழிப்பீங்களா?

அரிசி ஐந்து கிலோ, பருப்பு ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, சோயாமீற் இரண்டு பக்கெற், நெத்தலி கால் கிலோ, தேயிலை, ஒரு ரின்மீன், இரண்டு சவர்க்காரம். 2022 ஜூன் மாதம் எங்கள் மெதடிஸ்த சபையில் கட்டிய உலர் உணவுப் பொதிக்குள் இருந்தது இவ்வளவும்தான். கட்டினவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமை முழுக்க ஆலய மண்டபத்தில் நிலத்தில் குந்தியிருந்து பருப்பு நிறுத்து நிறுத்து முதுகு விட்டுப்போய்விட்டது. ஆனாலும் மனசுக்குள் ஒரு இதம். கொழும்பே பெற்றோல் கியூவிலும் காஸ் கியூவிலும் நின்று வெந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் ஏதோ உருப்படியாகச் செய்கிறோம் என்ற இதம். கடைசியில் நாலைந்து பொதி மிஞ்சியது. "உங்கட வீட்டில வேலை செய்யிற அக்காவுக்கும் ஒண்டு கொண்டுபோய்க் குடுங்கோவன்" என்றார் பொதிகளுக்குப் பொறுப்பாக இருந்த அன்ரி. கொண்டுபோனேன்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாற்றின் குசினி இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்கவேண்டிய அளவு. அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பொதி போய்ச் சேர்ந்ததற்கு ஒரு படம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் ஒரு கையில் பொதி, மற்றக் கையில் போன். அக்கா தோளில் கிடந்த துவாயில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். புறங்கையில் ஒரு மீன் செதில் ஒட்டியபடியே இருந்தது. பொதியைக் கொஞ்சம் தூக்கிப் பாரம் பார்த்தார், பிறகு கீழே வைத்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, இத சம்பளத்துல கழிப்பீங்களா?"

நான் படம் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டது பெரிய மனசினால் என்று நினைத்துவிடாதீர்கள், கை ஓடவில்லை, அவ்வளவுதான். "சீச்சீ, இது சபையால குடுக்கிறது" என்று என்னவோ சொல்லிவிட்டு ஹோலுக்கு வந்து ஃபானுக்குக் கீழே இருந்தேன். கரண்ட் இல்லை, ஃபான் சுற்றவில்லை. முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். நாங்கள் எப்போது கழித்தோம்? ஐந்து வருடத்தில் ஒரு சதம் கழித்திருக்கிறோமா? எங்களைப் பற்றி இப்படியா நினைக்கிறார்? அந்தக் கோபம் ஒரு கால் மணி நேரம் தாக்குப்பிடித்திருக்கும். அப்புறம்தான் மண்டையில் இருக்கிற கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான்.

என் தொழிலே கணக்குத்தான். புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கொம்பனியில் பல வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தது 2017 ஜனவரியில், ஹற்றன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து. 2019 புத்தாண்டோடு சம்பளத்தை 20,000 ரூபாய் ஆக்கினோம். 2022 ஜூனிலும் அது 20,000தான். இடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டிருந்தது. ஜூன் மாதம் கொழும்பில் விலைவாசி முந்தின வருடத்தைவிட ஐம்பது வீதத்துக்கு மேல் கூடி நின்றது, செப்டெம்பரில் அது எழுபது வீதம் வரை போனது. அதாவது நாங்கள் கழிக்கவில்லைதான், ஆனால் கழிந்துகொண்டே இருந்தது. அவருடைய 20,000த்தில் ஒவ்வொரு மாதமும் ஒரு பிடி கரைந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்து மண்டபத்தில் பருப்பு நிறுத்திருக்கிறேன்.

இதில் இன்னும் கேவலமான ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

2021 பெப்ரவரியில் எங்கள் சபையில் தோட்டத் தொழிலாளர்களின் ஆயிரம் ரூபாய்க்காக ஜெபித்தோம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று மலையகத்தில் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, கடைசியில் அரசாங்கச் சம்பளச் சபை ஊடாக, அந்த வருடம் மார்ச் மாதம் வர்த்தமானியில் வந்ததே, 900 அடிப்படைச் சம்பளமும் 100 கொடுப்பனவும், அதற்காக. நான்தான் அன்று ஜெபம் நடத்தினேன். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." நல்ல குரலில் வாசித்தேன் என்று வெளியில் வந்து இரண்டு பேர் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தோட்டத்துப் பெண் சமைத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டேன். கறி நல்லாயிருந்தது என்று சொன்ன ஞாபகம்கூட இருக்கிறது. அவர் சம்பளம் அப்போது இரண்டு வருடமாக அசையவில்லை என்பது ஒரு நொடிகூட மனதில் தட்டவில்லை. வயல், தோட்டம், கொம்பனி, துரை என்று எங்கோ நுவரெலியாப் பக்கம் இருக்கிற அநியாயமாகத்தான் அந்த வசனம் எனக்குக் கேட்டது.

அதே 2021இல் கந்தோரில் நான் ஒரு சின்னத் தீர்க்கதரிசி வேடமும் போட்டிருந்தேன். எங்கள் முதலாளி ஒரு விசுவாசி. வேறு சபை, ஆனால் நல்ல காணிக்கைக்காரர். கொரோனாவோடு வியாபாரம் படுத்தது உண்மை. 2020 ஏப்ரலிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக் காசு கட்டுவதை நிறுத்தினார். தெரியாதவர்களுக்கு: தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, முதலாளி தன் பங்காக 12 வீதம் போட்டு, தொழிலாளியின் ஓய்வுகாலத்துக்காக அந்த நிதிக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் அனுப்பவேண்டும். ஈ.பி.எஃப். என்று சொல்வது அதைத்தான், 1958ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு மேல் முதலாளி மட்டும் 3 வீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போடவேண்டும். (நம்பிக்கை என்ற சொல்லை அரசாங்கம் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறது பாருங்கள்.) பிந்தினால் மேலதிகக் கட்டணம், 5 வீதத்தில் தொடங்கி இழுத்துக்கொண்டே போனால் 50 வீதம் வரை. எங்கள் கந்தோரில் நடந்தது என்னவென்றால், சம்பளச் சிட்டையில் 8 வீதம் மாதா மாதம் வெட்டுப்பட்டது, காசு போகவில்லை. அந்தக் காசோடு அனுப்பவேண்டிய சி படிவத்தை மாதா மாதம் நிரப்பியது நான். நிரப்பிக் கோவையில் போட்டது நான். எட்டு மாதம்.

அதை உடைத்தது எங்கள் ஸ்ரோர் கீப்பர். ஈ.பி.எஃப். மீதியில் 30 வீதத்தை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது, அவருக்குப் பத்து வருடத்துக்கு மேல் சேவை. விண்ணப்பிக்கப் போன இடத்தில் எட்டு மாதம் வெற்றாகக் கிடப்பதைக் கண்டுவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, என்ர காசு எங்க நிக்குது?" என்றார். ஏதோ பஸ் எந்த ஹோல்ற்றில் நிற்கிறது என்று கேட்பது போல. அவருக்குச் சம்பளம் 40,000. அவரிடம் வெட்டியது 3,200, முதலாளி போட வேண்டியது 4,800, ஆக மாதம் 8,000, எட்டு மாதத்துக்கு 64,000. அவர் சொன்ன கூரைத் தகரக் கணக்கும் ஏறத்தாழ அதுதான்.

அன்று பின்னேரம் டாம் வீதிப் பக்கம் நடந்தேன். அங்கே எங்கள் மெதடிஸ்த ஆலயம் இருக்கிறது, 1816இல் திறந்தது, ஆசியாவிலேயே முதலாவது மெதடிஸ்த ஆலயம் என்று பெயர். சுற்றிவரப் பலசரக்குக் கடையும் நாட்டாமைமாரும் தள்ளுவண்டியும், தெரியாதவர் தாண்டிப் போய்விடுவார். அதைக் கட்டிய மிஷனரிமார் இலங்கைக்கு வந்த கதையே ஒரு கடன் கதை. 1814இல் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த தாமஸ் கோக் நடுக்கடலில் இறந்துபோனார், செலவுக்குக் காசு எடுக்கும் வழியும் அவரோடு போய்விட்டது, பம்பாயில் இறங்கிக் கடன் வாங்கித்தான் மிச்சப் பேர் காலிக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் சபையே கடனில் கரை இறங்கிய சபை என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி பணத்தைப் பற்றிச் செய்த பிரசங்கத்தில் மூன்று விதி சொன்னார்: இயன்றமட்டும் சம்பாதி, இயன்றமட்டும் சேமி, இயன்றமட்டும் கொடு. இந்த மூன்றாவதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம், நன்கொடைக் கூட்டங்களில் எல்லாம் அதுதான் வரும். முதலாம் விதிக்கு அவர் வைத்த நிபந்தனையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அயலவனுடைய உடம்புக்கோ பொருளுக்கோ கேடு செய்யாமல் சம்பாதி என்பது அந்த நிபந்தனை. அதாவது கொடுப்பதற்கு முன்னால் எப்படி வந்தது என்று பார்.

சரி, அடுத்த சனிக்கிழமை முதலாளியிடம் போனேன். அவர் சொன்ன பதில் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது: "பிஸ்னஸ் வேற, சபை வேற. நீர் ரெண்டையும் போட்டுக் குழப்பாதயும்." அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பிரச்சினை. அதே வருடம் தன் சபைக்கு ஜெனரேற்றர் வாங்கிக் கொடுத்தவர். ஸ்ரோர் கீப்பரின் மகளுடைய கல்யாணத்துக்குத் தாராளமாகக் காசு கொடுத்தவரும் அவர்தான். கேட்டால் கொடுப்பார். கேட்காமல் சேரவேண்டியதுதான் சேராது. நான் பைபிளைத் தூக்கவில்லை, மேலதிகக் கட்டணம் எவ்வளவு வரும் என்று போட்ட தாளை வைத்துவிட்டு வந்தேன். ஒரு வழியாகத் துண்டு துண்டாகக் கட்டி முடித்தார். அந்த வருடம் எனக்கு நத்தார் போனஸ் குறைந்தது. அதைச் சபை ஆட்கள் இரண்டு பேரிடம் சாட்சி மாதிரிச் சொல்லியும் இருக்கிறேன், ஏன் பொய் சொல்வான்.

இந்த மனிதன்தான் அடுத்த வருடம் குசினி வாசலில் போனோடு நின்றவன்.

அன்று இரவு மனைவியிடம் அக்கா கேட்டதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் முதலாளியோட சண்டை பிடிச்சது எட்டு மாசக் காசுக்கு. இஞ்ச அஞ்சு வருசம்" என்றாள். பிறகு நியாயமாக, "நானும்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சட்டத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம். வீட்டு வேலைக்காரருக்கு ஈ.பி.எஃப். கிடையாது, தனியார் வீட்டு வேலையை அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. ஐந்து வருடம் வேலை செய்தவருக்குப் போகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற பணிக்கொடைச் சட்டம், 1983இல் வந்தது, அதிலும் வீட்டு வேலைக்காரர் வெளியே. ஆக ஐந்து வருடம் எங்கள் வீட்டுக் கக்கூசைக் கழுவிய ஒருவருக்கு நாங்கள் நாளைக்கே "போயிற்று வாங்கோ" என்று சொன்னால் எந்தத் தொழில் கந்தோரும் இந்தக் காசுகளைக் கேட்டு எங்களைக் கூப்பிடாது. உண்மையைச் சொன்னால், அதை வாசித்தபோது ஒரு கணம் ஆறுதலாகத்தான் இருந்தது. கணக்குப்பிள்ளைக்கு "பொருந்தாது" என்ற சொல் ஒரு வரம். ஆனால் லேவியராகமத்தில் அந்தப் பொல்லாத வரி ஒன்று இருக்கிறதே, "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." விலக்கு, உபபிரிவு, ஒன்றும் இல்லை. விடியும்வரைகூட வைத்திருக்காதே என்கிறது, நான் ஐந்து வருடம் வைத்திருந்தேன்.

செய்தது இதுதான், பெரிதாக ஒன்றுமில்லை. ஜூலையிலிருந்து சம்பளம் 30,000. கொம்பனி கொடுக்கிற 12உம் 3உம் சேர்த்து 15 வீதம், அதாவது 4,500, மாதா மாதம் அவர் பெயரில் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்தில். போன ஐந்து வருடத்துக்கு அரை மாதம் வீதம் 75,000, அதை ஒரே தரத்தில் போட எங்களிடம் காசு இருக்கவில்லை, பதினைந்து மாதத் தவணையில் போட்டோம். சம்பளம் 28ஆம் திகதி, எது வந்தாலும். வேதத்தில் வருகிற வரிவசூலிப்பவன் சக்கேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான், தொழில் திணைக்களம் அதிகபட்சம் 50 வீதம் கேட்கிறது, நான் போட்டது வட்டிகூட இல்லாத முதல். ஆகவே யாரும் கைகொடுக்க வரவேண்டாம்.

இதற்காக நாங்கள் குறைத்த செலவுகளைப் பற்றி எழுதப் போவதில்லை, எழுதினால் அதுவும் ஒரு படம் எடுப்பதாகிவிடும். ஆனால் லிஃப்றில் நடந்ததை எழுதத்தான் வேண்டும். நாலாம் மாடியில் இருக்கிற அங்கிள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஒருநாள் லிஃப்ற் கதவு மூடினதும் சொன்னார்: "தம்பி, நீங்கள் ரேற்றைக் கூட்டிப்போட்டீங்கள். இப்ப எங்கட ஆளும் கேக்குது."

கேக்குது. எங்கட ஆள் கேக்குது. நாய் குரைக்குது, மழை பெய்யுது, ஆள் கேக்குது. அந்த அங்கிள் தன் பேரப்பிள்ளையைக்கூட "அவர் சாப்பிட்டிட்டார்" என்று சொல்கிறவர், எங்கள் யாழ்ப்பாணத்து மரியாதை அப்படி. வேலைக்கு நிற்கிற ஐம்பது வயதுப் பெண் மட்டும் அஃறிணை. சிரிக்கவும் முடியாது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு இலக்கணம் இருக்கிறது: அக்காவுக்கு என்னைவிட ஏழு வயது கூட, அவர் என்னை "ஐயா" என்கிறார், மனைவியை "அம்மா" என்கிறார். அக்கா என்று நாங்கள் கூப்பிடுவதில் எங்களுக்கு ஒரு பெருமை, சமமாக நடத்துகிறோமாம். "தம்பி எண்டு கூப்பிடுங்கோ" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "வாயில வரமாட்டேங்குது ஐயா" என்று சிரித்தார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. என் மனச்சாட்சி சுகப்படுவதற்கு அவர் வாயைத் திருத்தவேண்டுமா என்ன.

கூப்பிடுவதைவிட அவருக்கு வேண்டியிருந்தது வேறொன்று, அதுவும் நாங்கள் கேட்டபிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகவேண்டும். அக்கா சைவம், தோட்டத்து லய வீடுகளுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில், ஆடி வந்தால் விரதம். ஆனால் கொழும்புக்கு வந்த யாருக்கும் தெரியும், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் எந்தச் சமயத்துக்காரரையும் விசாரிப்பதில்லை. இதில் எனக்குள் இருந்த மெதடிஸ்தன் கொஞ்சம் நெளிந்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சைவப் பெண்ணை ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு அனுப்ப மெதடிஸ்த வீட்டில் இரண்டு நாள் யோசித்தோம். உண்மையில் யோசித்தது சமயத்தைப் பற்றி இல்லை. செவ்வாய் உடுப்புத் தோய்க்கிற நாள்.

கொச்சிக்கடை என்றதும் 2019 வராமல் இருக்காது. அந்த ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, அந்தக் கோயிலிலும் குண்டு வெடித்த நாள், அக்கா புத்தாண்டுக்கு ஊருக்குப் போய் இன்னும் திரும்பியிருக்கவில்லை. நாங்கள் எங்கள் ஆராதனையில் இருந்தோம், போன் எல்லாம் சைலன்ற். வெளியில் வந்து பார்த்தால் தவறிய அழைப்புகளில் முதலாவது அவருடையது. சொந்தக்காரர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வருடம் மே மாதம் நான் செய்த ஒன்றை இதுவரை எங்கும் சொன்னதில்லை. எங்களுக்குக் காட்போட் பெட்டி தருகிற ஒரு முஸ்லிம் வியாபாரி, வயதானவர், எல்லாரும் ஹாஜியார் என்போம். நாற்பத்தைந்து நாள் கடன், ஒருநாளும் பிசகியதில்லை. குண்டுவெடிப்புக்குப் பிறகு புறக்கோட்டையே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நாட்கள் அவை, முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது. மேலிருந்து ஒரு சொல் வந்தது: "அவையின்ர செக் கொஞ்சம் கிடக்கட்டும்." காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்தாகியிருந்த செக்கை என் லாச்சிக்குள் வைத்தேன். பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெயரைக் கடைசிக்கு இழுத்தேன். ஒரு கிளிக். நோன்பு நாட்கள் அவை. ஹாஜியார் வந்தார், கதிரையில் இருக்கவில்லை, "உங்கட ஆக்கள் யாருக்கும் ஒண்டும் ஆகல்லையே மகன்?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் நின்றார். பிறகுதான், மெல்லமாக, செக்கைப் பற்றி. "அடுத்த கிழமை பாப்பம்" என்றேன். லாச்சி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் செக் பெருநாள் கழிந்துதான் போனது. அவர் அதற்குப் பிறகும் சாமான் தந்தார், கடன் நாளைக் குறைக்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலையில் அவர் மவுத்தாகிவிட்டார். முஸ்லிம்களின் உடலையும் எரித்தே ஆகவேண்டும் என்று வைத்திருந்த நாட்கள் அவை. அதைப் பற்றி எங்கள் சபையில் ஒருவராவது வாய் திறந்தோமா என்றால், இல்லை. ஆயிரம் ரூபாய்க்கு ஜெபித்த அதே மாதத்தில் அதுவும் நடந்துகொண்டிருந்தது.

நான் இப்படிப் பேசினால் சபையில் சிலருக்குப் பிடிப்பதில்லை. விசுவாசத்தால்தான் இரட்சிப்பு, கிரியையால் அல்ல, இவன் என்ன பழைய இடத்துக்குப் போகிறான் என்று ஒரு அண்ணா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: அக்காவின் சம்பளத்தைக் கொடுத்துப் பரலோகத்தில் இடம் பிடிக்கிற எண்ணம் எனக்கில்லை, அது என்னுடைய காசாக இருந்தால்தானே அதில் இடம் வாங்கலாம். ஸ்ரோர் கீப்பரின் 64,000 முதலாளியின் கிரியை ஆகுமா? ஹாஜியாரின் செக் என் தர்மமா? பசித்தவனுக்குப் போஜனம் கொடுத்தீர்கள் என்று மத்தேயு 25இல் ராஜா சொல்கிற அந்தப் பட்டியலை நாங்கள் ஆசையாய் வாசிக்கிறோம், எல்லாம் கொடுப்பதாக இருக்கிறது. கடனைத் தீர்த்தீர்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. பொதி கட்டுவதை நான் நிறுத்தவில்லை, வெள்ளம் வந்தாலும் சாமான் விலை ஏறினாலும் அது தேவைதான். மண்டபத்தில் குந்தியிருக்கும்போது சுற்றிப் பார்க்கிறேன், பருப்பு நிறுக்கிற எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருவர் சமைத்துக்கொண்டிருக்கிறார். போன வருடம் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன்: பொதிக்குப் பெயர் கொடுக்கும் முன்னால், வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் கடைசியாக எப்போது சம்பளம் கூட்டினோம் என்று ஒவ்வொருவரும் தன் மனதுக்குள் ஒருதரம் கேட்டுக்கொள்வோம் என்று. கூட்டக்குறிப்பில் "ஒரு அங்கத்தவர் கருத்துத் தெரிவித்தார்" என்று பதிந்திருக்கிறார்கள்.

போன செவ்வாய் அக்கா கொச்சிக்கடைக்குப் போய் இருட்டினபிறகு வந்தார். மழை, புறக்கோட்டையில் பஸ் ஏற நிற்கும்போதே நனைந்துவிட்டாராம். கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து அடையாள அட்டை, அதற்கு அடியில் றப்பர் பாண்ட் போட்ட வங்கிப் புத்தகம். போகிற வழியில் புத்தகத்தைப் பதிந்துகொண்டு வந்திருக்கிறார். நனையவில்லை. மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார், விரலால் வரி வரியாகக் கீழே வந்தார், தை மாசம் இருந்தது, பங்குனி இருந்தது.

"ஐயா, மாசி மாசம் விழலையே."

பார்த்தேன். விழவில்லை. வருட ஆரம்பக் கணக்கு, ஒடிற் என்று ஓடிக்கொண்டிருந்த நேரம், போட்டதாகத்தான் நினைத்திருக்கிறேன். மனைவி சோற்றுக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு மாசியையும் இந்த மாசத்தையும் சேத்துப் போடுறன்" என்றேன்.

"நாளைக்குப் போயா லீவு ஐயா" என்றார் அக்கா. "பேங்கு பூட்டு. நாளான்னைக்குப் போடுங்க." புத்தகத்தை மூடி, றப்பர் பாண்டைப் போட்டு, பொலித்தீனுக்குள் வைத்துக்கொண்டு உடுப்பு மாற்றப் போனார்.